கடைசிப் பெட்டியின் விரிப்புகள்

ஆள் படுத்த விரிப்பும் படுக்காத விரிப்பும் கைக்குத் தெரியும். கண்ணுக்கு இரண்டும் கசங்கித்தான் இருக்கும். ரயில்வே லாண்டரியில் மடிப்பு மேசைக்கு முன்னால் நின்றே எனக்குப் பாதி வயது போயிருக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டு மூட்டையைக் கொட்டினாலும் இது ஆள் படுத்தது, இது சும்மா விரித்துக் கிடந்தது என்று பிரித்து வைத்துவிடுவேன். நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு என் கைதான் சாட்சி. மற்றபடி, பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வேலை கிடக்கிறது என்று எழுந்து போகிற ஆள் நான்.

என் வீட்டுக்காரர் நெடுந்தூர ரயிலில் அட்டெண்டர். நாட்டின் ஒரு கோடியில் புறப்பட்டு மறுகோடியில் வந்து நிற்கிற வண்டி. கடைசிப் பெட்டி அவர் பொறுப்பு. ஏறுகிறவர்களுக்கு விரிப்பும் தலையணையும் கம்பளியும் கொடுப்பார். இறங்கினதும் எல்லாவற்றையும் கித்தான் மூட்டையாகக் கட்டி லாண்டரிக்கு அனுப்புவார். அவர் கட்டுவதை நான் அவிழ்ப்பேன், நான் மடிப்பதை அவர் கலைப்பார். எங்கள் குடித்தனமும் ஏறக்குறைய இதே லட்சணத்தில்தான் ஓடியது.

அட்டெண்டர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத பழக்கம். வண்டி கடைசி ஸ்டேஷனில் நின்று, ஜனங்கள் எல்லாரும் இறங்கிப் போன பிறகு, அவரவர் பெட்டியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பார்கள். தூங்கிப்போன பயணி யாராவது கிடந்தால் குரல் கொடுத்து எழுப்பக் கூடாது. தோளைத் தொட வேண்டும். அவர் 'ம்' என்று பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான், காலியாகக் கிடக்கும் பெர்த்துகளைப் பார்த்து, ஒரே ஒரு தடவை, சத்தமாகச் சொல்ல வேண்டும்: "வந்தாச்சு, எறங்குங்க."

அவ்வளவு தூரம் ஓடுகிற வண்டியில் டிக்கெட் இல்லாமல் சிலர் கூட வருவார்களாம். ஊர் வந்து சேர்ந்தது அவர்களுக்குத் தானாகத் தெரியாதாம். யாராவது சொன்னால்தான் இறங்குவார்களாம். தொட்டு 'ம்' வாங்கின மனிதரை அந்தச் சொல் ஒன்றும் செய்யாது. வாங்காமல் சொல்லிவிட்டால் அவரும் அவர்களோடு சேர்ந்து இறங்கிவிடுவார் என்பார்கள். எங்கே இறங்குவார் என்று விளக்கினவர்கள் இல்லை, கேட்டவர்களும் இல்லை.

லாண்டரியிலும் அதன் வால் ஒன்று இருந்தது. மூட்டை வந்து இறங்கியதும் என்னோடு வேலை செய்கிற பெண்கள் அட்டெண்டரைப் பார்த்து "சொல்லியாச்சா?" என்று கேட்பார்கள். "சொல்லியாச்சு" என்ற பதில் வராமல் ஒரு முடிச்சிலும் கை வைக்க மாட்டார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டே அவிழ்ப்பேன். அப்போது சிரிப்பதற்கு எனக்கு நிறையக் காரணம் இருந்தது.

எங்கள் வீடு மாடியில். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. வாசற்கதவைத் திறந்தால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குச் சின்ன மேடை, அங்கிருந்து தெருவுக்கு இரும்புப் படிகள். அறையில் என் நாத்தனார் படுத்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்து, படிக்கவைத்து, எனக்குக் கட்டியும் வைத்தவர். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த குரல் அது, ஒரு காலத்தில் தெருமுனை வரை கேட்கும். இப்போது நுரையீரல் கைவிட்டுவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நாத்தனார் என்றால் நாக்கில் முள் என்பார்கள். எங்களுக்கு இரண்டு பேருக்குமே முள்தான். நான் மருந்து கலக்கிக்கொண்டு போனால், "விஷமா மகராசி? கொஞ்சம் தாராளமாவே ஊத்து" என்பார். உங்களுக்கு விஷம் எல்லாம் வேலை செய்யாது, நீங்களே ஒரு பாட்டில் விஷம் என்பேன். அவர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவிக்கொடுத்து முடியும். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தத் தடவை வழியெல்லாம் மழை. கடைசி ஸ்டேஷனுக்கு முந்தின ஆற்றுப் பாலத்தின் கரை அரித்துக்கொண்டு போய்விட்டது. வண்டியை அதற்கு முன்னாலேயே ஒரு சின்ன ஸ்டேஷனில் நிறுத்தி, பயணிகளை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். பெட்டிகளை வந்த வழியே திரும்ப இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூட்டைகளும் அட்டெண்டர்களும் லாரியில் லாண்டரி வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பெண்கள் வழக்கம் போலக் கேட்டார்கள். மற்ற பெட்டிக்காரர்கள் எல்லாரும் சொல்லியாச்சு என்றார்கள். அந்த நடுவழி ஸ்டேஷனிலேயே ஒப்புக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"வண்டியே வரலையே. வராத ஊருக்கு வந்தாச்சுன்னு எப்படிச் சொல்றது?"

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சூப்பர்வைசர் கத்தினார். அந்த மூட்டையைத் தொட மாட்டோம் என்று பெண்கள் விலகி நின்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இவர் தன் மூட்டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பாலம் சரியாகி வண்டி முழுத் தூரம் ஓடும்போது அதை மறுபடி ஏற்றிக்கொண்டு போய், முறையாக இறக்கிவிடுவதாகச் சொன்னார். அதுவரை கூடத்து மூலையில் இருக்கட்டுமாம்.

நீண்ட தூரம் ரயிலில் வந்தவர்களுக்குத் தெரியும். இறங்கி வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகும் உடம்பு ஆடிக்கொண்டிருக்கும். கண்ணை மூடினால் தரை நகரும். பயணம் எங்கே முடிகிறது என்று யோசித்தால் அது வண்டி நிற்கிற இடத்தில் இல்லை, இந்த ஆட்டம் நிற்கிற இடத்தில்தான் என்று தோன்றும். ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும். இவருக்குச் சரியாகவில்லை. கூடத்தில் காலை அகட்டி வைத்து, சுவரை ஒரு கையால் தொட்டுத் தொட்டு நடந்தார். தண்ணீர் குடிக்கும்போது சிந்தாமல் டம்ளருக்குக் கீழே இன்னொரு கையைத் தாங்கிப் பிடித்தார். தூங்கவே இல்லை.

முதலில் கண்டுபிடித்தது நாத்தனார்தான். இவர் கட்டிலில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவர் இவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பி, தம்பி எப்போ வருவான் என்று கேட்டார். இதோ உட்கார்ந்திருக்கிறாரே என்றேன்.

"இவன் இன்னும் வழியில இருக்கான்" என்றார் நாத்தனார்.

மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் எழுந்து வந்து பார்த்தால் கூடத்து மூட்டை அவிழ்ந்திருந்தது. சோபாவிலும் பெஞ்சிலும் தரையிலும், சமையலறை அலமாரிக்குக் கீழேகூட, விரிப்புகள் ஓரம் பிசகாமல் விரித்துக் கிடந்தன. இவர் கையில் ஒரு தலையணையோடு நின்று, இன்னும் இரண்டு பேருக்கு வேண்டும் என்றார். தூக்கம் இல்லாத மண்டை என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் வாரி எடுத்தேன்.

வாரும்போது கை நின்றுவிட்டது. ஆள் படுத்த விரிப்பில் இடுப்புக்கு நேராகச் சுருக்கம் வட்டமாக விழும். குதிகால் தேய்ந்த இடத்தில் நூல் கொஞ்சம் படிந்திருக்கும். துணியில் லேசாக உப்பும் ஈரமும் பிடிபடும். இவற்றில் வட்டம் இருந்தது, குதிகால் இருந்தது. சமையலறையில் கிடந்த விரிப்பில் யாரோ ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுத்திருந்தது வரைக்கும் இருந்தது. உப்பு இல்லை. ஈரம் இல்லை. ஒரு தலைமுடி இல்லை. பீரோவுக்குள்ளிருந்து அப்போதுதான் எடுத்தது போல ஜில்லென்று இருந்தன. 

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும். தட்டினால் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்துகொள்ளும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். குடத்துத் தண்ணீர் விளிம்புக்கு விளிம்பு மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். நானும் அவரும் எங்கள் வீட்டு சோபாவில் ஆளுக்கொரு ஓரமாக ஒட்டி உட்கார்ந்திருப்பதை ஒரு நாள் கவனித்தேன். நடுவில் அவ்வளவு இடம் கிடந்தது. நகர்ந்து உட்கார எனக்கு மனம் வரவில்லை.

நாத்தனாருக்குச் சோறு ஊட்டப் போனபோது அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"கூட்டமா இருக்கு மகராசி. ஜன்னல் பக்கம் ஒருத்தி கைக்குழந்தையோட நிக்கிறா. யாரையாவது தள்ளி உக்காரச் சொல்லு."

திரும்பிப் பார்க்காமல் மிச்சச் சோற்றையும் ஊட்டி முடித்தேன். எப்படி முடித்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். மூட்டையை ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போய் அங்கே சொல்லித் தொலையுங்கள் என்றேன். போனார். காலி பிளாட்பாரத்தில் மூட்டையை வைத்துச் சொல்லியும் பார்த்தார். திரும்பி வந்தபோது அவருக்கு முன்னால் கூடம் நிறைந்திருந்தது. அவர்கள் மூட்டைக்குள் இல்லை, விரித்துக் கொடுத்த இடத்தில் இருக்கிறார்கள் என்றார். அப்படியானால் இங்கேயே சொல்லுங்கள் என்றேன். அவர் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். அக்கா இருக்கிறாள் என்றார். தொட்டுவிட்டுச் சொல்வதுதானே என்றதற்குக் குரலைத் தாழ்த்தினார்.

"தொட்டதும் அவளுக்கு ம் சொல்ல மூச்சு வரலைன்னா?"

 பாலம் சரியாக மாதக்கணக்காகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் கண்ணைச் சுற்றிக் கருத்து, கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்துப் போனது.

ஒரு மத்தியானம் லாண்டரியிலிருந்து வந்துகொண்டிருந்தவள் தெருவிலிருந்து மேலே பார்த்தேன். இவர் மாடி வாசல் மேடையில் நின்றிருந்தார். ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மேடை விளிம்பில் நுனிக்காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் வெளியே சாய்த்து, தெருவின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் நெருங்கும்போது அட்டெண்டர்கள் வண்டிக் கதவில் நிற்பார்களே, அந்த நிற்பு. தெருவில் ஓர் இலை அசையவில்லை. அவர் சட்டை மட்டும் பின்னால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

எப்படிப் படியேறினேனோ, இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டேன். ஸ்டேஷன் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன், இந்நேரம் வந்திருக்க வேண்டும் என்றார். வண்டி நின்ற மாதிரி இருந்தால் இறங்கிவிடுவேன் என்றும் சொன்னார். கீழே வெறும் சிமெண்டுத் தரை. கதவுக்குத் தாழ் போட்டுவிட்டு அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு அழுதேன். எனக்கு அவர் வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. வெயில் ஏறின நேரத்தில் வீடு மெல்லப் பரபரப்பதை உணர்ந்தேன். ஊர் நெருங்கும்போது பெட்டிக்குள் ஒரு சலசலப்பு வரும், பையை இழுப்பார்கள், செருப்பைத் தேடுவார்கள். அந்தச் சலசலப்பு, சத்தம் மட்டும் இல்லாமல். இவர் எழுந்து நேராகக் கதவுக்குப் போய்த் தாழைப் பிடித்தார். நான் குறுக்கே பாய்ந்து கையைப் பிடித்தேன். தூக்கமில்லாமல் வற்றிப்போன அந்தக் கைக்குள் நாலு பேர் பலம் இருந்தது. தாழ் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அவர் தோளைத் தொட்டேன்.

"ஏங்க, ம் சொல்லுங்க."

"ம்" என்றார், என்னைப் பார்க்காமலே.

அவரை விட்டுவிட்டு அறைக்குள் ஓடினேன். நாத்தனார் கண் விழித்துத்தான் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. தோளைத் தொட்டேன். எலும்பு கைக்குள் வந்தது. ம் சொல்லுங்க அக்கா என்றேன். அவர் சொல்லவில்லை. மூச்சு வரவில்லை என்று நினைத்து முதுகுக்குக் கை கொடுத்துத் தூக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக, பழைய டெலிபோன் குரலில் பேசினார்.

"அவன் வரட்டும்னுதான் இத்தனை நாள் லைனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். நான் போய்டுவேன்னு பயந்துக்கிட்டு அவன் வழியிலயே நிக்கிறான். ரெண்டு பேரும் இப்படியே எத்தனை நாளைக்கு நிக்கிறது? நீ சொல்லு. நான் எறங்கிக்கிறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பேச மூச்சு இருக்கிறது, ஒரு 'ம்' சொல்ல இல்லையா என்று கத்தினேன். அவர் சிரித்தார். இந்தத் தடவை இருமல் வரவில்லை.

"உனக்கு எதிர்ப்பேச்சு பேசியே பழகிட்டேன் மகராசி. இப்ப போய் ம் போடச் சொல்றியே."

கூடத்தில் தாழ் விடுபட்டு அடிக்கிற சத்தம் கேட்டது. வெயில் சட்டென்று உள்ளே விழுந்தது. இன்னொரு தடவை தோளைத் தொட்டேன், கெஞ்சினேன். அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் வாசல் பக்கம் அசைத்தார். அவர் கையை விடாமலே நான் வாசலைப் பார்த்துத் திரும்பினேன். வெளிச்சத்துக்குள் இவர் ஒரு காலை மேடைக்கு வெளியே எடுத்து வைப்பது தெரிந்தது.

"வந்தாச்சு, எறங்குங்க" என்றேன்.

இவர் கால் அந்தரத்திலேயே நின்று, திரும்ப மேடைக்கு வந்தது. அப்படியே வாசலில் உட்கார்ந்தார், ஓரமாக, வழி விட்டு. இரும்புப் படிகள் அதிர ஆரம்பித்தன. ஒருவர் பின் ஒருவராக, அவசர அவசரமாக, இறங்குகிற கூட்டத்துக்கே உரிய அவசரத்தோடு. கைக்குழந்தைக்காரி கொஞ்சம் பார்த்துப் பார்த்து இறங்கினாள். பிறகு ஓய்ந்தது. ஓய்ந்துவிட்டது என்று நான் நினைத்த பிறகு, கடைசியாக ஓர் ஆள் இறங்குகிற அதிர்வு வந்தது. மெதுவாக. படி திரும்புகிற இடத்தில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி மெதுவாக. மாதக்கணக்காகப் படி இறங்காத கால்.

என் கைக்குள் நாத்தனாரின் கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

இவர் வாசற்படியிலேயே சுருண்டு தூங்கினார். வெயில் சாய்கிற வரை எழுப்பவில்லை. எழுந்து, தரையில் காலைச் சேர்த்து வைத்து நின்று, அது நகரவில்லை என்று தெரிந்ததும் அறையைப் பார்த்தார். உள்ளே போய் அக்காவின் நெற்றியில் கை வைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தொட்டியா?"

"தொட்டேன்."

"ம் சொன்னாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். மூச்சு வரவில்லை என்றால் நம்பியிருப்பார், எனக்கும் சுலபம். ஆனால் ஒரு பொய்யைச் சொல்ல மாட்டேன் என்றுதானே மனிதர் இத்தனையும் பட்டார். நிறையப் பேசினார், அதை மட்டும் சொல்லவில்லை என்றேன். அக்கா பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அது தெரிந்துதான் நான் குரல் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் பதில் பேசவில்லை. காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகும் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், படுத்தால் தூங்கினார்.   அவர் போய்விடுவாரோ என்று பயந்தது போய், இருந்துகொண்டே போய்விட்டாரோ என்று பயந்தேன்.

பிறகு ஒரு காலையில் எழுந்து விரிப்புகளை எல்லாம் எடுத்துக் கித்தானில் வைத்துக் கட்டினார். அறைக்குப் போய் அக்காவின் கட்டில் விரிப்பையும் உருவி எடுத்து வந்து அதற்குள் வைத்து முடிச்சுப் போட்டார். தோளில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் லாண்டரிக்கு நடந்தார்.

வாசலில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். மூட்டை இறங்கியது. யாரும் கிட்டே வரவில்லை. ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சொல்லியாச்சா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"சொல்லியாச்சு" என்றார். "இவதான் சொன்னா. அக்காதான் சொல்லச் சொன்னா."

நான் குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். சிரிக்காமல் அவிழ்த்தது அதுதான் முதல் தடவை. ஜில்லென்ற விரிப்புகளுக்கு நடுவில் என் கை தானாகப் போய் ஒன்றில் நின்றது. உப்பு இருந்தது, ஈரம் இருந்தது, மருந்து வாசம் இருந்தது, நரைத்த முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றவை எல்லாம் இயந்திரத்துக்குள் போகும் வரை அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் எடுத்துப் போட்டேன்.